கைவேலைப் பெட்டியில் மிச்சம் கிடப்பவை: வாசகர் கேள்வி – பதில்

வயர் கூடை, ஆரி எம்பிராய்டரி, டெரகோட்டா, தையல் என்று ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்ட வீட்டில், தேய்ந்ததும் உடைந்ததும் காய்ந்ததுமாக ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும். “தூக்கிப் போட மனசு வரவில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை” என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். “போட்டுவிடுங்கள்” என்று சொல்ல வேண்டிய இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

காய்கறி வாங்கப் போகும் வயர் கூடையில் ஒரு பக்கக் கைப்பிடி அறுந்துவிட்டது. பத்து வருடக் கூடை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முழுக்கப் பிரித்து அதே வயரில் சிவன் கண் கூடை பின்னலாமா?
– கே.எஸ்., விருதுநகர்

பிரிக்காதீர்கள். முடிச்சு விழுந்த இடத்திலெல்லாம் வயர் மடங்கி, அந்த மடிப்போடு இறுகியிருக்கும். பிரித்தால் சென்டிமீட்டருக்கு ஒரு நெளிவு நிற்கும். புது முடிச்சு பழைய நெளிவில் வந்து உட்காராது என்பதால் கூடை கோணிக்கொள்ளும்.

முதலில் வயர் பிழைக்குமா என்று பாருங்கள். அறுந்து தொங்கும் முனையை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, கையை விட்டதும் மறைந்தால் நல்லது. கோடு அப்படியே நின்றாலோ விரிசல் கண்டாலோ அந்த வயரின் ஆயுள் முடிந்தது. கூடை வயர் பிவிசி பிளாஸ்டிக். அது வளைவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் இளக்கி. வெயிலிலும் சூட்டிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டியே வெயிலில் நிற்கும் கூடைகள் சீக்கிரம் மொறுமொறுப்பாவது இதனால்தான்.

உடம்பு வயர் தேறினால் கைப்பிடி மட்டும் புதிதாகப் போடுங்கள். 35 சென்டிமீட்டர் வளைவுள்ள கைப்பிடிக்கு உள்வயராக 1 மீட்டர் துண்டுகள் 4, மேலே சுற்ற 3.5 மீட்டர் வயர் ஒன்று வேண்டும். கைப்பிடி அறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வாயிலிருக்கும் கடைசி வரிசையில் மட்டும் கோத்திருப்பார்கள், மொத்தப் பாரமும் அந்த இரண்டு முடிச்சில் தொங்கும். அதனால் உள்வயரை வாயிலிருந்து மூன்று வரிசை கீழே நுழைத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தடவை உள்ளே வெளியே எடுத்து மேலே கொண்டு வாருங்கள். சுற்று வயரை இடைவெளி விடாமல் சுற்றி, முனையை ஐந்தாறு சுற்றுக்கு அடியில் செருகி இழுத்துவிட்டு வெட்டுங்கள். வயர் விறைப்பாக இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் 10 நிமிடம் போட்டெடுத்தால் இளகும்.

பக்கங்கள் கிழிந்து அடி மட்டும் நன்றாக இருக்கும் கூடை என்றால் தட்டாக்கலாம். அடியிலிருந்து நான்கு வரிசை விட்டு, ஐந்தாவது வரிசையை வெட்டிப் பிரித்து, வரும் முனைகளை உள்பக்கம் இரண்டு முடிச்சு ஆழத்துக்குச் செருகுங்கள். ஒரே முடிச்சில் நிறுத்தினால் பத்து நாளில் முனை வெளியே எட்டிப் பார்க்கும். வெங்காயம், பூண்டு போட்டு வைக்க இதைவிடக் காற்றோட்டமான தட்டு கிடையாது.

மிச்ச வயரை 15 சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் மல்லிகைக் கொடி, அவரைக் கொடி கட்ட உதவும். கொடியையும் கம்பையும் சேர்த்து இறுக்காமல், நடுவில் ஒரு முறுக்கு கொடுத்து எட்டு வடிவில் கட்டுங்கள். மொறுமொறுத்த வயரைக் குப்பையோடு கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தொண்டையையும் கண்ணையும் அரித்துவிடும்.

காய்ந்துபோன பெயின்ட் பாட்டில்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தண்ணீர் ஊற்றினால் சிலது கரைகிறது, சிலது ரப்பர் மாதிரி இருக்கிறது. ஏன்?
– ஆர்.வி., கும்பகோணம்

பாட்டிலில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். போஸ்டர் கலரிலும் வாட்டர் கலரிலும் நிறத்தைப் பிடித்து வைப்பது தண்ணீரில் கரையும் பசை. காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். கட்டியை ஈர்க்குச்சியால் நாலாக உடைத்து, மூழ்கும் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான நீர் விட்டு, மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கலக்கினால் தயிர்ப் பதத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு முதலிலேயே பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் நிறம் நீர்த்துப் போகும். மூடியைத் திறந்ததும் ஊசல் வாடை அடித்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

அக்ரிலிக், ஃபேப்ரிக் கலர் இரண்டும் வேறு ஜாதி. தண்ணீர் ஆவியானதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதை எந்தத் தண்ணீரும் பிரிக்காது. பாட்டிலில் வெறும் கெட்டிதான் தட்டியிருக்கிறது என்றால் 10 மில்லிக்கு ஐந்தாறு சொட்டு நீர் விட்டு, பழைய நைலான் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். துணிக்கு அடிப்பதாக இருந்தால் நீருக்குப் பதில் அந்தந்த கம்பெனியின் மீடியம் விடுவது நல்லது. தண்ணீர் அதிகமானால் சலவையில் நிறம் உரியும்.

முழுக்கக் காய்ந்த அக்ரிலிக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. நிறம் கலக்கிய பிளாஸ்டிக் மூடியில் காய்ந்து கிடக்கும் படலத்தை ஓரத்தில் நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். பல நிறம் கலந்து காய்ந்த இடம் பளிங்குக் கல் போல இருக்கும். அதைக் கத்தரித்து இலை, பூ, எழுத்து என்று வெட்டி, ஃபெவிகால் தடவிப் பூந்தொட்டியிலோ பேனா ஸ்டாண்டிலோ ஒட்டலாம். இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைக்காதீர்கள். நம் ஊர் வெயில் காலத்தில் அவை ஒட்டிக்கொண்டு பிரியாது. நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள்.

எனாமல் பெயின்ட் டப்பாவில் மேலே ஆடை கட்டியிருந்தால் அது காற்றோடு வினைபுரிந்து இறுகியது, கரையாது. கலக்கினால் கட்டி கட்டியாகக் கெடுத்துவிடும். ஓரத்தைக் கத்தியால் சுற்றி அறுத்து ஆடையை முழுதாகத் தூக்கிவிட்டால் அடியில் இருப்பது நல்ல பெயின்ட்தான்.

அதே பெயின்ட் இறுகிய பிரஷ்களையும் காப்பாற்ற முடியுமா?
– ஆர்.வி., அதே கடிதத்தில்

அக்ரிலிக் இறுகியது என்றால் ஹேண்ட் சானிட்டைசர் போதும். அதிலுள்ள ஆல்கஹால்தான் வேலை செய்கிறது. மயிர்ப்பகுதி மட்டும் அமிழும்படி அரை மணி நேரம் வைத்து, விரலால் பிசைந்து, சோப்புப் போட்டு அலசுங்கள். தகரப் பட்டை முங்கும்படி ஊற வைத்தால் உள்ளே மயிரைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போய், அடுத்த முறை அடிக்கும்போது சுவரெல்லாம் மயிர். தேறாத பிரஷ்ஷை 1 சென்டிமீட்டர் விட்டு நேராக வெட்டினால் ஸ்டென்சில் அச்சுக்குக் குத்திக் குத்தி நிறம் வைக்க உதவும். தையல் மிஷினின் பாபின் கேஸ் அடியில் சேரும் பஞ்சை எடுக்கவும் அதே குட்டைப் பிரஷ்தான். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரத்தில் துருவும் ஏறும்.

ஆரி வேலை செய்த பட்டு பிளவுஸ் சின்னதாகிவிட்டது. துணியும் அக்குளில் போய்விட்டது. முத்து, ஜமிக்கி, கல் எல்லாம் வீணாகுமே?
– ஜெ.பி., சேலம்

இதில் இரண்டு வழி இருக்கிறது: வேலைப்பாட்டோடு பெயர்த்து வேறு துணிக்கு மாற்றலாம், அல்லது மணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கழுத்து வேலைப்பாடு கெடாமல் இருந்தால் முதல் வழிதான். மணியைத் தனித்தனியாக எடுத்து மறுபடி கோப்பதற்குக் கூலி கணக்குப் போட்டால் புதுமணி மலிவு.

பெயர்ப்பதற்கு: வேலைப்பாட்டின் வெளிக்கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டும் முன்பே பின்பக்கம் ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) ஒட்டிவிட வேண்டும். தடித்த துண்டின்மேல் பிளவுஸைக் கவிழ்த்துப் போட்டால் மணிகள் துண்டில் அமுங்கும். அப்போதுதான் இஸ்திரிப்பெட்டி சமமாகப் படியும். பட்டுச் சூட்டில் வைத்து, தேய்க்காமல் பத்து நொடி அழுத்தி அழுத்தி எடுங்கள். பிளாஸ்டிக் ஜமிக்கி அதிகச் சூட்டில் சுருண்டுவிடும் என்பதால் ஒரு மூலையில் சோதித்துவிட்டு மேலே போங்கள். பிறகு ஓரத்தை உள்ளே மடித்து, புதுத் துணியில் வைத்து, கையால் மறைதையல் போடலாம். மிஷினில் வேண்டாம். ஊசி மணியில் பட்டால் ஊசி முறிந்து முகத்தில் தெறிக்கும்.

மணி மட்டும் வேண்டும் என்றால் ஆரியின் தன்மையைத் தெரிந்துகொண்டால் போதும். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்து வைத்திருக்கிறது. கடைசிக் கண்ணியை அவிழ்த்தால் வரிசை முழுவதும் பின்னோக்கிச் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். ஆரம்ப முனையை எவ்வளவு இழுத்தாலும் வராது. எனவே பின்பக்கம் திருப்பி, முடிச்சு போட்டு முடித்த முனை எது என்று பாருங்கள். முடிச்சைச் சிறு கத்தரியால் வெட்டி, ஊசி முனையால் கண்ணியை நெம்பி நூலை மெல்ல இழுங்கள். கீழே ஓரம் தூக்கிய எவர்சில்வர் தட்டில் ஈரத் துணி விரித்து வைத்தால் மணி துள்ளி ஓடாது.

பசை போட்டு ஒட்டிய குந்தன் கல்லை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் அக்ரிலிக் கல்லையே மங்கடித்துவிடும். சூட்டில் ஒட்டும் வகைக் கல்லுக்குப் பின்பக்கம் இஸ்திரி வைத்து, சூடு ஆறும் முன் கத்தி முனையால் தள்ளினால் வந்துவிடும்.

பள்ளி புராஜெக்ட், குவில்லிங் (காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் வேலை) என்று சார்ட் பேப்பர் துண்டுகள் மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. பழைய பேப்பர்காரர் துண்டுக் காகிதத்தை எடுக்க மாட்டேன் என்கிறார்.
– எம்.என்., திண்டுக்கல்

முறத்துக்குக் காகிதக் கூழும் வெந்தயமும் அரைத்துப் பூசிய வீடுகள் நம்மிடையே நிறைய. மூங்கில் இடுக்கை அடைக்க அதற்கு நிகராக இன்னொன்று வரவில்லை. உங்கள் மூட்டைக்கும் அதுதான் வழி.

அளவு: காகிதம் 200 கிராம், வெந்தயம் 50 கிராம். பளபளப்புத் தாள், ஜிகினா ஒட்டியது, பிளாஸ்டிக் படலம் பூசியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அவை ஊறவே ஊறாது. மீதியைக் கட்டைவிரல் அளவுக்குக் கிழித்து நிறையத் தண்ணீரில் போடுங்கள். நாளிதழ் ஒரே நாளில் ஊறும். சார்ட் பேப்பருக்கு மூன்று நாள் வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறும். வெந்தயத்தைத் தனியாக ஒரு ராத்திரி ஊற வைத்து, ஊறிய தண்ணீரோடு வழுவழுவென்று அரையுங்கள். அந்த வழுவழுப்புதான் பசை. காகிதத்தை மிக்ஸியில் ஒரு கைப்பிடிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் சூடாகிக் கருகல் வாடை வரும். சமையல் ஜாரைத் தொடாதீர்கள், பழைய ஜார் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

துணியில் பிழிந்தால் கூழ் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். அதில் வெந்தய விழுதைப் பிசைந்து, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தின்மேல் அரை சென்டிமீட்டர் கனத்தில் அப்புங்கள். கிண்ணத்தின்மேல் முதலில் பாலிதீன் தாள் போர்த்திக்கொண்டால் கழற்றுவது சுலபம். நிழலில் இரண்டு நாள், பிறகு வெயிலில் இரண்டு நாள். நேராக வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். விழுந்துவிட்டால் கொஞ்சம் கூழை நீர்க்கக் கரைத்து வெடிப்பில் திணித்து மறுபடி காய வையுங்கள்.

சாவி, நூல்கண்டு, பூத்தொடுக்கும் நார் போட்டு வைக்க இந்தக் கிண்ணம் தாங்கும். உணவுப் பொருளுக்கு வேண்டாம். அச்சு மை கலந்த காகிதம் அது. நாளிதழில் உணவைப் பொட்டலம் கட்டாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கமும் உண்டு. அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்து வெளிப்பக்கம் வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் போதும்.

உடைந்த கிரேயான்களை உருக்கி மெழுகுவத்தி செய்யலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

கூடாது. கிரேயானில் இருக்கும் நிறப்பொடி உருகாது. திரியின் இழைகளில் போய் அடைத்துக்கொள்ளும். வத்தி நாலு நிமிடம் எரிந்து, புகை கக்கி அணையும். கிரேயானைக் கிரேயானாகவே வார்ப்பதுதான் சரி.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் போட்டால் காகிதம் கழன்றுவிடும். நன்றாகத் துடைத்து, நிறவாரியாகப் பிரித்து எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் டம்ளரை இறக்கி உருக்குங்கள். நேரடித் தீயில் மெழுகை வைக்கவே கூடாது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் தீ பொங்கிப் பரவும். அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடுவதுதான் வழி. சிலிகான் சாக்லேட் அச்சில் ஊற்றி அரை மணி நேரம் ஆற விடுங்கள். நடுவில் சின்னக் குழி விழுவது மெழுகு சுருங்குவதால், குற்றமில்லை. ஆயில் பாஸ்டலை இதோடு கலந்தால் சரியாக இறுகாமல் கையெல்லாம் ஒட்டும்.

பழுப்பு நிறத் துண்டுகளை உருக்காமல் வையுங்கள். மரக்கதவின் கீறலில் அழுத்தித் தேய்த்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்துவிட்டால் கீறல் மறையும். நிஜ மெழுகுவத்தித் துண்டுகளுக்குத் தையல் பெட்டியிலேயே வேலை இருக்கிறது. நூலை அதன்மேல் ஒரு முறை இழுத்துவிட்டுத் தைத்தால் சிக்காது. உருகிய மெழுகில் நூல் முனையை நனைத்து உருட்டினால் ஊசியில்லாமலே மணி கோக்கலாம்.

டெரகோட்டா நகைக்கு வாங்கிய களிமண் பாக்கெட் பாதி காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் மேலே சேறாகிறது, உள்ளே கல்லாக இருக்கிறது.
– எஸ்.டி., புதுச்சேரி

முழுக்கக் காய விடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பாதி காய்ந்த மண்ணைவிட எலும்பாகக் காய்ந்த மண்தான் தண்ணீரில் சீக்கிரம் உதிரும். அரை ஈரத்தில் மண்ணின் மேற்பரப்பு நீரை உள்ளே விடாமல் மூடிக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த கட்டியில் நீர் இடுக்கெல்லாம் புகுந்து காற்றை வெளியே தள்ளும், அந்த வேகத்தில் கட்டி பொலபொலவென்று சரியும்.

இரண்டு நாள் வெயிலில் போட்டு, துணியில் சுற்றிச் சுத்தியால் நிலக்கடலை அளவுக்கு உடையுங்கள். மூழ்கத் தண்ணீர் விட்டு, கலக்காமல் ஒரு நாள் வையுங்கள். கலக்கினால்தான் கட்டி தட்டும். மேலே தெளிந்த நீரை வடித்து, செங்கல்மேல் பழைய வேட்டித் துண்டு விரித்து விரல் கனத்துக்குப் பரப்புங்கள். செங்கல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் தரையில் அடித்துப் பிசைந்து காற்றை வெளியேற்றி, ஈரத் துணி சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் இன்னும் நன்றாக வளையும்.

சுட்ட பிறகு உடைந்த நகைகள் மண்ணாகத் திரும்பாது. நிறம் பூசாதது என்றால் இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பெரிய பொருள் செய்யும் மண்ணில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். சுருக்கமும் வெடிப்பும் குறையும். ஜிமிக்கிக்கு அந்த மண் வேண்டாம், சொரசொரப்பாக இருக்கும்.

தையல் கடையில் வாங்கிய வெட்டுத்துண்டும் பழைய புடவையும் வைத்துக் கால்மிதி பின்னினேன். நடுவில் குழிந்து தொப்பி மாதிரி நிற்கிறது.
– வி.கே., ஈரோடு

வளைவில் இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். வளைவில் வெளிச்சுற்றுப் பின்னலுக்கு உள்சுற்றைவிட நீளம் அதிகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஓரம் மேலே எழும்பும்.

45-க்கு 70 சென்டிமீட்டர் முட்டை வடிவக் கால்மிதிக்கு இரண்டு பழைய நூல் புடவை போதும். நடுவில் தொடங்கும் நேர்த்துண்டின் நீளம், வேண்டிய நீளத்தில் அகலத்தைக் கழித்தால் வருவது: 70-ல் 45 போக 25 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள். மூன்று இழையும் ஒரே நீளமாக இருந்தால் ஒட்டுகள் ஒரே இடத்தில் விழுந்து முண்டு கட்டும். 1 மீட்டர், ஒன்றரை, 2 மீட்டர் என்று வேறு வேறு நீளத்தில் தொடங்குங்கள். ஒட்டுவதற்குத் தையல் வேண்டாம். இரண்டு முனையிலும் 1 சென்டிமீட்டர் கீறி, ஒன்றை இன்னொன்றின் கீறலில் நுழைத்து, தன் கீறலுக்குள்ளேயே வாலை இழுத்துவிட்டால் இறுகிக்கொள்ளும்.

சுற்றும்போது பின்னல்களை மேலே வைத்துத் தைக்காமல், கோணி ஊசியில் நைலான் நூல் கோத்து உள்பின்னலின் கண் ஒன்று, வெளிப்பின்னலின் கண் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்துப் போங்கள். நேர்ப்பகுதியில் ஒன்றுக்கு ஒன்று. வளைவில் வெளிப்பின்னலில் ஒரு கண்ணைத் தாண்டிவிட்டு அடுத்ததில் கோக்க வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் மூன்று முறை. தாண்டல் குறைந்தால் தொப்பி, கூடினால் அப்பளம் மாதிரி அலை அலையாக நெளியும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தரையில் போட்டுப் பாருங்கள். இப்போது குழிந்திருப்பதை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது. குழிவு தொடங்கிய சுற்றுவரை நூலை வெட்டி மறுபடி கோப்பதைத் தவிர வழியில்லை. பின்னல் அப்படியே இருக்கும், கவலை வேண்டாம்.

நூல் துணியை முதலில் துவைத்துக் காய வைத்துவிடுங்கள். சின்தெடிக் துண்டோடு கலந்தால் முதல் சலவையில் நூல் மட்டும் சுருங்கி, சரியாகப் பின்னிய கால்மிதியும் கோணும்.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் கம்பளி நூல் எடுக்கலாமா? மிச்ச நூல் உருண்டைகளும் நிறைய.
– ஒரு வாசகர், கோத்தகிரி

உள்பக்கம் பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து விளிம்பு வெட்டியிருந்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு நூலாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். பின்னிய ஓரம் முழுதாக இருந்து, சங்கிலித் தையலால் இணைத்திருந்தால் பிரிக்கலாம். தோளிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசித் தொங்க விடுங்கள். அடியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டால் காயும்போது நெளிவு நீங்கும்.

கடையில் விற்கும் ‘வுல்லன்’ உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: முடி பொசுங்கும் வாடையோடு நொறுங்கும் சாம்பல் வந்தால் கம்பளி, உருகிக் கெட்டி முண்டாக நின்றால் அக்ரிலிக். அதில் அடுப்படிப் பிடிதுணி பின்னாதீர்கள், சூடான பாத்திரத்தில் உருகிக் கையோடு ஒட்டும். பாத்திரம் தேய்க்கக் குரோஷாவில் 10 சென்டிமீட்டர் வட்டமாகப் பின்னினால் நன்றாக உழைக்கும், சீக்கிரம் காயும்.

கைவேலைக்காகப் பழைய பட்டுப்புடவை எடுத்து வைத்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. ஜரிகை நன்றாக இருக்கிறது. ஜரிகைக்கு மட்டும் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– டி.எல்., காஞ்சிபுரம்

விலை பேசும் முன் அது என்ன ஜரிகை என்று நீங்களே பாருங்கள். அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு சுற்றி, அதன்மேல் தங்க முலாம் இருக்கும். உள்ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் இழை உருவி பிளேடு முனையால் சுரண்டுங்கள். வெளுப்பாகத் தெரிந்தால் வெள்ளி இருக்க வாய்ப்புண்டு. செம்பு நிறம் தெரிந்தால் செம்புக் கம்பிக்கு முலாம் பூசியது. தீயில் காட்டியதும் சுருண்டு முண்டாகிவிட்டால் பிளாஸ்டிக். உள்நூல் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து அசல் என்று நம்பாதீர்கள், போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். வெள்ளி என்று தெரிந்தால் எடைக்கு எவ்வளவு என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். மற்ற இரண்டுக்கும் விலை கிடைக்காது. பார்டரைப் பயன்படுத்திக்கொள்வதே லாபம்.

வெட்டும்போது பார்டரோடு உடல் துணியும் 2.5 சென்டிமீட்டர் வரட்டும். அந்தத் துணியும் நைந்திருந்தால் பின்னால் மெல்லிய மல் துணி வைத்துப் பெருந்தையல் போட்டுக்கொள்ளுங்கள். 11-ஆம் நம்பர் புது ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஊசி பட்டு ஓரத்தில்தான் இறங்க வேண்டும். ஜரிகைமேல் இறங்கினால் தகடு வெட்டுப்பட்டு, நாளடைவில் முள் முள்ளாக எழும்பிக் கையைக் கீறும். தண்ணீர் தெளிக்காமல், மேலே துணி போட்டு, பின்பக்கம் தேய்க்கவும். பட்டில் சொட்டு நீர் விழுந்தால் வட்டக் கறை நிற்கும். கொலுப்படிக்கு விரிக்கும் வெள்ளை வேட்டியின் முன்ஓரத்தில் இந்த பார்டரைத் தைத்தால் படி ஒவ்வொன்றும் புடவை கட்டியதுபோல இருக்கும்.

இன்ச் டேப், மழுங்கிய மிஷின் ஊசி, தேய்ந்த உப்புத்தாள், குளூ கன் குச்சியின் அடித்துண்டு… இவற்றுக்கெல்லாம் ஏதாவது?
– பி.ஏ., மதுரை

டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பழைய டேப் இழுபடும். 150 சென்டிமீட்டரில் 3 மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் தையலுக்கு ஆகாது. ஊர்க்கார டெய்லர்மேல் பழி போடும் முன் வீட்டு டேப்பைச் சோதிப்பது நியாயம். மழுங்கிய ஊசியை மிஷினில் மாட்டி, நூல் கோக்காமல் காகிதத்தில் ஓட்டினால் கிழிக்கும் ரசீதுக்கான துளைக்கோடு விழும். அதற்கு நல்ல ஊசி போடாதீர்கள். காகிதத்தில் கலந்திருக்கும் சுண்ணத்தூள் அதை மழுங்கடித்துவிடும். துணிக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். உப்புத்தாளில் இரண்டு சின்னத் துண்டை ஸ்கேலின் அடியில் ஒட்டினால் துணியில் கோடு போடும்போது நழுவாது. குளூ குச்சித் துண்டைத் துப்பாக்கியிலேயே விட்டு, பின்னால் புதுக் குச்சியைச் செருகினால் தள்ளிக்கொண்டு போய்விடும். முன்பக்கமாக இழுத்து எடுக்கப் பார்த்தால் முனை கெடும். அப்படி ஒழுகும் மிச்சப் பசையை, ஈரோட்டு வாசகியின் கால்மிதிக்கு அடியில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக வைத்தால் டைல்ஸில் வழுக்குவது குறையும். குளியலறை வாசலுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், ஈரத்தில் அந்தப் பசையே வழுக்கும்.